பதினேழு பேரின் பொறுப்பு

அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். வரவு செலவைத் தொடுமுன் பத்திரத்தைத்தான் படிப்பேன். யார் பொறுப்பில் இருக்கிறார்கள், அவர்களை அமர்த்தியது யார், எதுவரை அவர்கள் கை நீளும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்தால், கனடாவில் இயங்கிய ‘அபாரிஜினல் ஹீலிங் ஃபவுண்டேஷன்’ பாதி நம்பிக்கையும் பாதி வேதனையும் தருகிறது.

அந்நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக, சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பணம் அரசுடையது, நிர்வாகம் பெரும்பாலும் திருச்சபைகளுடையது. தாய்மொழியில் பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. பாலியல் கொடுமைகளும் நடந்தன. 1998 ஜனவரியில் அரசு வருத்தம் தெரிவித்து, காயம் ஆற 35 கோடி டாலர் ஒதுக்கியது.

அந்தத் தொகையை எந்த அரசுத் துறைக்கும் தராமல் தனி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். இயக்குநர்கள் 17 பேர். முதல் குடிகள், இனுயிட், மெட்டிஸ் ஆகிய மூன்று மக்களுக்கும் அதில் இடம் இருந்தது. டெனே இனத்தவரான ஜார்ஜ் எராஸ்மஸ் தலைவர். பூர்வகுடிகள் பற்றிய அரச ஆணையத்துக்கு இணைத்தலைவராக இருந்தவர். ஊர்ப் பெரியவர்கள் நடத்தும் கூடுகைக்கும், இளைஞர்களைக் காட்டுக்கும் பனிவெளிக்கும் கூட்டிப்போகும் முகாமுக்கும் இந்தக் குழு பணம் தந்தது. இவற்றையும் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ள ஓர் அமைச்சக அதிகாரிக்கு மனம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் விதிகளில் இரண்டு முடிச்சுகள். உடல்ரீதியான, பாலியல்ரீதியான கொடுமைகளின் விளைவுகளுக்கு மட்டுமே செலவிடலாம். பறிபோன மொழி கணக்கில் வராது. நிதியும் சில ஆண்டுகளுக்குள் பகிர்ந்து முடிக்க வேண்டியது. நம் ஊரில் கோயில் விளக்குக்கு நிலம் எழுதிவைத்தவர்கள், விளைச்சலில் எண்ணெய் வாங்கச் சொன்னார்களே தவிர நிலத்தை விற்கச் சொல்லவில்லை. தலைமுறை தாண்டும் காயத்துக்கு அப்படிப்பட்ட நிரந்தர நிதி அல்லவா வேண்டும்? எவ்வளவு, யாருக்கு என்று தீர்மானித்த குழுவுக்குத் தன் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை.

2005-இல் 4 கோடியும் 2007-இல் 12.5 கோடியும் கூடுதலாக வந்தன. 2010 மார்ச்சோடு 134 திட்டங்களுக்குப் பணம் நின்றது. ஆதரவைத் தொடரலாம் என்று அரசின் மதிப்பீட்டறிக்கையே பரிந்துரைத்திருந்தது. நாடாளுமன்றத்தில் அவசர விவாதமும் நடந்தது. பலனில்லை. 2014-இல் அறக்கட்டளை மூடப்பட்டது.

அடுத்த ஆண்டே, இந்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் 94 கோரிக்கைகளில் 21-ஆவதாக, ஆற்றுப்படுத்தும் மையங்களுக்கு நிலையான நிதி கேட்டது. நுனவுட், வடமேற்குப் பிரதேச மையங்களுக்கு முன்னுரிமை தரவும் சொன்னது.