கடையைத் திறக்கும் முன் காலி செய்யும் வழியைப் பாருங்கள்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், குதைபியா வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் சந்தைக்கடை ஆகிவிடும். வீட்டில் சுட்ட அதிரசம், ஊரிலிருந்து வந்த கருப்பட்டி, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, தமிழ் எழுத்து அட்டைகள். மறுநாள் லீவு, எல்லாரும் போனும் கையுமாக இருப்பார்கள். 'நாலு பீஸ்தான் இருக்கு, வேணும்ங்கறவங்க சொல்லுங்க' என்று ஒரு படம் வரும். பத்து நிமிஷத்தில் நாலும் போய்விடும்.

இப்படி ஒரு வருஷம் ஓட்டியவர்களுக்கு அடுத்து வரும் யோசனை, சொந்தமாக ஒரு வெப்சைட். சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்பதால் அந்தக் கேள்வி என்னிடம் வரும். கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்ததும் முட்டிவலி ஞாபகம் வருகிற மாதிரிதான்.

சமீபத்தில் கேட்டது எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு தம்பதி. மனைவி மஸ்கட்டில் படித்து வளர்ந்தவர், கணவர் பஹ்ரைனிலேயே. மதுரைச் சுங்குடித் துணியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடையும் கவுனும் தைக்க வைத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். துணி நன்றாகவே இருக்கும். சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது என்பதையும் சொல்லித்தான் கொடுப்பார்கள். "அண்ணா, ஷாபிஃபையா வூகாமர்ஸா? ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த வீக்கெண்டே போட்டுடறோம்" என்றார் அந்தப் பெண்.

நான் பதில் சொல்வதற்குள் கணவர் வேறொன்று சொன்னார். மார்ச்சில் அவர் காண்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிப்பார்களா தெரியாது. இல்லையென்றால் மதுரை, அல்லது அண்ணன் இருக்கும் டொராண்டோ.

என்னைப் பொறுத்தவரை அதுதான் உண்மையான கேள்வி. எந்தத் தளம் நல்லது என்று இணையத்தில் வரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரே ஊரில் இருக்கப்போகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. வளைகுடாவில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இப்போது நம் பிள்ளைகளையும் இங்கே பள்ளியில் சேர்த்திருந்தாலும், நம்மில் பெரும்பாலோரின் இருப்பு ஒரு வேலை விசாவில் தொங்குகிறது. வேலை போனால் வீடு காலி, கார் விற்பனை, பிள்ளைகளுக்கு டிசி. கடை மட்டும் எப்படித் தப்பிக்கும்? அதனால் தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வாசலை மட்டும் பார்த்தால் போதாது, கொல்லைப்புறக் கதவையும் திறந்து பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் தளம் எதற்கு?

வரிசையைத் தலைகீழாகத்தான் எல்லாரும் செய்கிறார்கள். முதலில் டிசைன், பிறகு லோகோ, கடைசியில் 'பணம் எப்படி வாங்குறது?' பணம் வாங்க பேமெண்ட் கேட்வே வேண்டும். கேட்வேக்காரர்கள் வணிகப் பதிவையும் கம்பெனி பெயரில் வங்கிக் கணக்கையும் கேட்பார்கள். பஹ்ரைனில் அந்தப் பதிவை எல்லாரும் சி.ஆர். என்பார்கள், 'சிஜிலாத்' என்ற அரசுத் தளத்தில் எடுப்பது. கடை முகவரியே இல்லாமல் எடுக்கக்கூடிய 'சிஜிலி' என்ற மெய்நிகர் பதிவைப் பற்றிக் கேள்விப்பட்டு நிறையப் பேர் சந்தோஷப்படுகிறார்கள். அது பஹ்ரைன் குடிமக்களை மனதில் வைத்து வந்த திட்டம், குடும்ப விசாவில் இருப்பவருக்கு ஆகாது. வெளிநாட்டவர் எந்தத் தொழிலை எடுக்கலாம், எதில் உள்ளூர்ப் பங்குதாரர் வேண்டும் என்பது தொழில் வகைக்கு வகை மாறும். உங்கள் பொருளின் வகையைச் சிஜிலாத்தில் தேடிப் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் ஒரு பதிவு ஏஜெண்டிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று இன்னொருவர் சி.ஆரை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அது சட்டப்படி தவறு. அதில் மாட்டினால் கடையோடு விசாவுக்கும் ஆபத்து.

இதைச் சொன்னதும் அந்த வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீ ஆறிப்போனது. ஆனால் முப்பது டாலர் மாதச் சந்தா கட்டிய பிறகு தெரிவதைவிட இது மேல்.

பணம் வரும் பாதை

இங்கே சாதாரண மக்கள் பணம் கொடுப்பது பெனிஃபிட் பே வழியாக. காய்கறிக் கடையிலிருந்து டியூஷன் ஃபீஸ் வரை அதுதான். கிரெடிட் கார்டு மட்டும் வாங்கும் கடையைப் பார்த்ததும் பாதிப் பேர் 'அப்புறம் பாக்கலாம்' என்று மூடிவிடுவார்கள். மற்ற நாடுகளிலும் இதே கதைதான்: குவைத்தில் கேநெட், சவூதியில் மதா, ஓமனில் ஓமன்நெட். ஆகவே எந்தத் தளத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் கேட்வே பட்டியலில் உங்கள் நாட்டைத் தேடுங்கள். தீம் எத்தனை இருக்கிறது என்பதெல்லாம் பிறகு.

ஷாபிஃபையின் சொந்த பேமெண்ட் சேவை பஹ்ரைனில் இல்லை. வேறு கேட்வேயை இணைக்கலாம், டேப் போன்ற வளைகுடாக் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் வெளிக் கேட்வே வைத்தால் ஷாபிஃபை தனியாக ஒரு கமிஷன் எடுக்கும், அடிப்படைத் திட்டத்தில் 2 சதவீதம். கேட்வேக்காரர் எடுப்பது இதற்கு மேல். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதச் சந்தா 39 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலருக்கு 0.376 தினார், ஆக 14.664 தினார். மாதம் 20 ஆர்டர், ஒன்று 6 தினார் என்றால் விற்பனை 120 தினார், அதில் 2 சதவீதம் 2.400. மொத்தம் 17 தினாருக்கு மேல். அதாவது விற்பனையில் 14 சதவீதம், கேட்வே கட்டணத்தைச் சேர்க்காமலே. இதே கடை மாதம் 300 ஆர்டர் ஓட்டினால் சந்தா ஒரு பொருட்டே இல்லை. 20 ஆர்டர் கடைக்கு அது வாடகை மாதிரி கழுத்தைப் பிடிக்கும்.

வூகாமர்ஸ் இலவசம் என்பார்கள். மென்பொருள் இலவசம்தான். ஹோஸ்டிங், அப்டேட், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் உங்கள் தலையில். ராத்திரி பதினொரு மணிக்கு செக்அவுட் வேலை செய்யாவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? "என்னைக் கூப்பிடக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நட்பு நீடிக்க அது நல்லது. பேக்கப்பையும் அப்டேட்டையும் ஹோஸ்டிங் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. கொஞ்சம் விலை கூடினாலும் புரோகிராமர் இல்லாத வீட்டுக்கு அதுதான் சரி.

நம்மூர் ஜோஹோவிலும் காமர்ஸ் தளம் இருக்கிறது. 1996-ல் அட்வெண்ட்நெட் என்று தொடங்கி, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை வரை ஆபீஸ் போட்ட கம்பெனி. எனக்கும் பெருமைதான். ஆனாலும் பெருமைக்காகத் தளம் எடுக்காதீர்கள். அதிலும் கேட்வே பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

மூன்றாவது தசமம்

இது எஞ்சினியர்கள் மட்டும் கவலைப்படும் விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் உங்கள் பணம். உலகத்தில் பெரும்பாலான நாணயங்களுக்குப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். பஹ்ரைன், குவைத் தினார்களுக்கும் ஓமன் ரியாலுக்கும் மூன்று. ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ். வூகாமர்ஸை நிறுவியதும் தசம இலக்கம் இரண்டில் இருக்கும், நீங்களே மூன்றாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 1.375 என்பது கடைக்கு வருபவருக்கு 1.38 என்று தெரியும்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. பல கேட்வேகள் தொகையைச் சில்லறைக் கணக்கில் கேட்கும். 1.250 தினார் என்றால் 1250 ஃபில்ஸ் என்று அனுப்ப வேண்டும். டாலரை நினைத்து நிரல் எழுதிய யாரோ ஒருவர் நூறால் பெருக்கினால் 125 என்று போகும். பன்னிரண்டரை தினார் பாவாடை ஒண்ணேகால் தினாருக்குப் போய்விடும், ஆர்டரும் 'வெற்றி' என்று காட்டும். அதனால் கடையைத் திறப்பதற்கு முன் உங்கள் கார்டிலேயே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள், வங்கி எஸ்எம்எஸ்ஸில் என்ன தொகை வருகிறது என்று பாருங்கள். 3.475 மாதிரி கோணலான விலையாக வைத்தால் தவறு பளிச்சென்று தெரியும்.

முகவரிப் படிவமும் இப்படித்தான். பஹ்ரைனில் முகவரி என்றால் ஃபிளாட், பில்டிங், ரோடு, பிளாக் என்று நாலு எண்கள். தளம் கேட்பதோ மாநிலம், பின்கோடு. வாடிக்கையாளர் 00000 என்று அடித்துவிட்டு, பிளாக் எண்ணை எழுத இடமில்லாமல் விட்டுவிடுவார். அப்புறம் டெலிவரிப் பையன் அவருக்குப் போன் போட்டு 'லொகேஷன் அனுப்புங்க' என்று கேட்பான். எந்தத் தளத்தில் அந்தப் படிவத்தை எளிதாக மாற்ற முடிகிறது என்று பார்ப்பது அரை மணி நேர வேலை.

வாட் வரி பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: பஹ்ரைனில் 2022 ஜனவரி முதல் 10 சதவீதம். பதிவு கட்டாயமாவது வருட விற்பனை 37,500 தினாரைத் தாண்டும்போது. பாவாடைக் கடை அந்தப் பிரச்சினைக்கு வந்தால் எனக்கும் ஸ்வீட் கொடுக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைத்தால்

பொருட்களின் பெயரைத் தமிழிலும் போட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. அவருடைய மகள் படிப்பாள் என்பதற்காக. நல்ல ஆசை, செய்யலாம். ஆனால் இணைய முகவரியில் தமிழ் வேண்டாம். ஒரு தமிழ்க் குறியீடு கணினிக்குள் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். 'முறுக்கு' என்பதே 72 எழுத்து ஆகிவிடும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' நடுவில் சிறுகோடுகளோடு 209 வருகிறது, வால் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது ஏதோ வைரஸ் லிங்க் மாதிரி இருக்கும். பக்கத்தின் தலைப்பு தமிழில், முகவரி ஆங்கில எழுத்தில் சின்னதாக. அவ்வளவுதான்.

கிளம்பும் நாள்

துபாயின் சூக் டாட் காமை 2017-ல் அமேசான் வாங்கியது. 2019 மே மாதம் அதன் பெயர்ப்பலகையே போய், அமேசான் என்று ஆனது. அங்கே கடை விரித்திருந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இடம் அவர்களுடையது. இன்ஸ்டாகிராம் பக்கமும் அப்படித்தான், வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான்.

ஒரு தளத்திலிருந்து கிளம்பும்போது எது கூட வரும்? பொருள் பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் சி.எஸ்.வி. கோப்பாக வரும், ஷாபிஃபையிலும் சரி வூகாமர்ஸிலும் சரி. வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு ஷாபிஃபையிலிருந்து வராது. டிசைன் எங்கேயும் வராது. ரிவ்யூக்கள் தனி ஆப்பில் இருந்தால் அந்த ஆப்பிடம் கேட்க வேண்டும். பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடாவிட்டால் கூகிளில் சேர்த்து வைத்த பெயரும் போகும். கேட்வே நிச்சயம் வராது. அது இந்த நாட்டு வங்கிக் கணக்கோடு கட்டியது. மதுரையில் யுபிஐ, டொராண்டோவில் வேறொன்று, புதிதாக இணைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் டொமைன் பெயர். அது உங்கள் பெயரில், உங்கள் சொந்த ஈமெயிலில், தளக் கம்பெனிக்கு வெளியே ஒரு பதிவாளரிடம் இருக்கட்டும். வெப்சைட் செய்து கொடுத்த பையன் பெயரில் இருந்தால் கடை அவனுடையது. நாட்டுக் குறியீடு உள்ள முகவரியைவிட டாட் காம் நல்லது, நாடு மாறினாலும் கூட வரும். வாடிக்கையாளர் பட்டியலை மாதம் ஒரு முறை இறக்கி வையுங்கள், பத்திரமாக. பஹ்ரைனில் 2019 ஆகஸ்ட் முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அடுத்தவர் போன் நம்பரை அத்தை கடைக்கும் சித்தி கடைக்கும் அனுப்பும் பழக்கம் இனி வேண்டாம்.

இவ்வளவும் பேசி முடித்தபோது அந்தத் தம்பதி எந்தத் தளத்தையும் எடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர்கள் நிலைமையில் வூகாமர்ஸ்தான் என் பரிந்துரை: ஆர்டர் குறைவு, பெனிஃபிட்டை இணைக்கும் கேட்வே கிடைக்கிறது, மார்ச்சில் எந்த நாட்டுக்குப் போனாலும் கடையை அப்படியே ஹோஸ்டிங் மாற்றிக் கொண்டுபோகலாம். மாதம் நூற்றுக்கணக்கில் ஆர்டர் வரும், பார்க்க ஆள் இல்லாத கடை என்றால் ஷாபிஃபை என்றுதான் சொல்லியிருப்பேன். லைசென்ஸ் கேள்வி முடியும்வரை காசு வாங்கி விற்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டொமைன் மட்டும் மனைவி பெயரில் வாங்கியாயிற்று.

இப்போது நடப்பது எக்செல் வேலை. பொருள் பெயர், அளவு, நிறம், துணி எங்கே வாங்கியது, தைக்கக் கொடுத்த கூலி, எல்லாம் ஒரே தாளில். எந்தத் தளமும் அதை விழுங்கிக்கொள்ளும். இதுவரை 34 வரி. நிறங்களின் தமிழ்ப் பெயர்களை எட்டு வயது மகள் அடிக்கிறாள். 'அரக்கு' வரை தானாக வந்துவிட்டாள். 'மயில்கழுத்து' என்றால் பச்சையா நீலமா என்று மதுரைப் பாட்டிக்கு வீடியோ கால் போட்டிருக்கிறாள். பாட்டி பீரோவிலிருந்து தன் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.