மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தான்: “மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன, என்ன மருந்து ஊற்றலாம்?” உத்திரமேரூரை அடுத்த எங்கள் திருப்புலிவனத்திலும் சுற்றுப்புறத்திலும் கண்ணாடித் தொட்டி இல்லாத தெரு இப்போது அரிது. குழந்தைகள் அடம்பிடிக்க, சென்னை கொளத்தூர் சந்தையிலிருந்து நெகிழிப் பையில் மீன்கள் வந்து சேருகின்றன. ஒரு மாதத்துக்குள் பாதி இறந்துவிடுகின்றன. கடைக்காரர் நீல நிறத் திரவம் ஒன்றைத் தருகிறார். மீதியும் இறக்கின்றன. மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான் என்று வீட்டார் தேற்றிக்கொள்கிறார்கள். நன்கு பராமரித்தால் தங்கமீன் பத்தாண்டுகளுக்கு மேல் வாழும் என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

இந்த இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் நோயன்று, நீர். மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனமும் எச்சமும் அழுகி மேலும் அமோனியாவைத் தருகின்றன. ஏரியில் அது கரைந்து நீர்த்துப்போகும். நாற்பது லிட்டர் தொட்டியில் போக இடமில்லை. அதை மாற்ற நுண்ணுயிரிகள் வேண்டும். ஒருவகை அமோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைட்ரைட்டும் கடும் நஞ்சு; நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும். இந்த நுண்ணுயிரிகளை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்துப் பிரித்துக் காட்டியவர் ருஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பாடநூல்கள் சொல்லிவந்த நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று 1998-இல்தான் தெரியவந்தது. அதுவும் மீன் தொட்டிகளை ஆராய்ந்தபோதே.

இவை கூழாங்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் அமோனியா ஏறும்; இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அது இறங்க, நைட்ரைட் ஏறும். மீன்கள் இறப்பதும் சரியாக அந்த நாட்களில்தான். தொட்டி வாங்கிய அன்றே பன்னிரண்டு மீன்களை விடும் வழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். நன்றாக ஓடும் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிவந்து நம் வடிகட்டியில் வைப்பதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. அந்த வீட்டு மீன்களுக்கு நோய் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நம் வீடுகளின் சுத்தமே இங்கு எதிரியாகிறது. ஞாயிறுதோறும் நீர் முழுவதையும் கொட்டி, கற்களைக் குழாயடியில் தேய்த்து, பஞ்சைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைக்கிறார்கள். அதுவரை வளர்ந்த நுண்ணுயிரிகள் அத்தனையும் போய்விடுகின்றன. தொட்டி ஒவ்வொரு வாரமும் புதுத் தொட்டியாகிறது. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்தால் போதும். வாரம் கால் பங்கு நீரை மாற்றினால் போதும்.

“தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறதே” என்பார்கள். அமோனியாவுக்கு நிறம் இல்லை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்பவர்கள் பயன்படுத்தும் டி.டி.எஸ். மீட்டரும் இதைக் காட்டாது; அது கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தையே சொல்லும். அமோனியா, நைட்ரைட், பி.எச். ஆகியவற்றுக்கான சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று போதும். அதன் விலை, செத்துப்போகும் மீன்களின் விலையைவிடப் பெரிதன்று.

பி.எச். அளவைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நீரில் அமோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. அயனியாகாத வடிவமே செவுளை ஊடுருவும் நஞ்சு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் அந்த வடிவம் சுமார் அரை விழுக்காடு. 8 என்றால் ஐந்து விழுக்காட்டுக்கு மேல். ஒரே அளவு அமோனியா பத்து மடங்கு கொடியதாகிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு புதிருக்கு இதுவே விடை. “ஆறு மாதமாக நன்றாக இருந்தன. நேற்றுத் தண்ணீர் மாற்றினேன். காலையில் எல்லாம் செத்துவிட்டன.” விசாரித்தால், மீனுக்கு நல்லது என்று கேன் தண்ணீரால் தொட்டியை நிரப்பியிருப்பார்கள். உப்பு நீக்கிய அந்நீருக்கு அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை மிகக் குறைவு. நுண்ணுயிரிகளின் வேலை அமிலத்தை உண்டாக்குவதால் பி.எச். மெல்ல இறங்கி 6-க்கும் கீழே போய்விடும். அங்கே நுண்ணுயிரிகள் ஏறத்தாழ வேலைநிறுத்தம் செய்துவிடும், அமோனியா சேரும். ஆனால் அமில நீரில் அது தீங்கற்ற அமோனியமாக உறங்குவதால் மீன்கள் உயிரோடு இருக்கும். திடீரென ஒருநாள் பாதி நீரை எடுத்துவிட்டு ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை ஊற்றினால் பி.எச். 8-ஐ நெருங்கும், உறங்கிய நஞ்சு விழித்துக்கொள்ளும். பழி கிணற்று நீர்மேல் விழும்! இத்தகைய தொட்டியில் முதலில் அதே கேன் நீரால் சிறிது சிறிதாக மாற்றி அமோனியாவைக் குறைத்த பிறகே கிணற்று நீரைக் கலக்கத் தொடங்க வேண்டும்.

கொளத்தூரிலிருந்து வரும் பையிலும் இதே வேதியியல்தான். மூன்று மணி நேரப் பயணத்தில் மீன் விடும் கரியமில வாயு நீரை அமிலமாக்கி, சேர்ந்த அமோனியாவை அடக்கிவைக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும். எனவே மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்யலாம். திறந்தபின் மணிக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. பை நீரைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

கிணற்று நீரையும் நேரடியாக ஊற்றலாகாது. நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு மிகுதி. ஒரு வாளியில் இரவு முழுதும் காற்றுக்குமிழ் விட்டுப் பிறகு அளந்தால்தான் அதன் உண்மையான பி.எச். தெரியும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி நீர் என்றால் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் குளோரின் இருக்கும். அதுவும் ஓரிரவில் போய்விடும். நெல் வயல்கள் சூழ்ந்த ஊர்களில் மற்றொன்றையும் சோதிப்பது நல்லது. யூரியாவின் எச்சமாகக் கிணற்றிலேயே நைட்ரேட் இருக்கக்கூடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கவலைப்பட வேண்டியது மீனுக்காக மட்டுமன்று. பால்புட்டி அருந்தும் குழந்தைக்காகவும்தான். குழந்தையின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாகி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. நைட்ரைட் ஏறிய தொட்டியில் மீனின் இரத்தம் பழுப்பாவதும் இப்படித்தான். அந்நிலையில் லிட்டருக்கு ஒரு கிராம் சாதாரண உப்பு பெரிய உதவி. அதன் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது.

நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேற்பரப்பில் வாய் பிளந்தால் நீரைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் வாடினால் நோயைத் தேடலாம். உப்புத் தூள் தூவியதுபோன்ற வெண்புள்ளி ஓர் ஒட்டுண்ணி. அது தோலுக்குள் இருக்கும்போது மருந்து எட்டாது. உதிர்ந்து, பெருகி, நீந்தும் நிலையில்தான் சாகும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துபவர்களுக்கு அது மீண்டும் வருவது இதனால்தான். கடைக்காரரின் நீலத் திரவமோ பெரும்பாலும் மெத்திலீன் புளு, பூஞ்சைக்குப் பயன்படும். ஆனால் வடிகட்டியின் நுண்ணுயிரிகளையும் அது கெடுக்கும். எனவே தனி வாளியில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தொட்டியில் கரைப்பது இன்னும் மோசம். அந்த நீர் நம் வாய்க்காலில்தான் போய்ச் சேருகிறது.

வாய்க்காலில் சேரக் கூடாத மற்றொன்று, சலித்துப்போன மீன். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் தென் அமெரிக்கக் கவச மீன் ஒரு சாணைத் தாண்டி வளர்ந்ததும் பலர் அதை ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். இந்தியாவின் பல நீர்நிலைகளில் அது இனம்பெருக்கிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடுவது அதன் இயல்பு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம் தேர்ந்தெடுத்ததைக் கல்லில் பொறித்துவைத்த ஊர் உத்திரமேரூர். எங்கள் பகுதி ஏரிகள் மண் கரைகளை நம்பியே நிற்கின்றன. வளர்க்க முடியாத மீனை விற்ற கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். பல கடைகள் வாங்கிக்கொள்கின்றன.