எலும்பின் அடர்த்தியை அளப்பது எப்படி?

எலும்பு என்றவுடன் அறிவியல் ஆய்வகத்தின் மூலையில் தொங்கும் எலும்புக்கூடே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் உடலுக்குள் இருக்கும் எலும்பு உயிருள்ளது. பழைய எலும்பு கரைவதும் புதியது உருவாவதும் அங்கே ஓயாமல் நடைபெறுகின்றன. இளமையில் வரவு மிகுதி. பின்னர் செலவு மெல்ல மிஞ்சுகிறது. மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகளுக்கு அச்செலவு மிக விரைவாகிறது. இவ்வாறு எலும்பு உள்ளுக்குள் மெலிந்து, எளிதில் முறியும் நிலையை எலும்புப்புரை என்கிறோம்.

நம் வீடுகளில் முழங்கால் வலியையும் இதையும் சேர்த்து, 'எலும்புத் தேய்மானம்' என்று ஒரே பெயரால் அழைத்து விடுகிறார்கள். முழங்காலில் தேய்வது மூட்டிலுள்ள குருத்தெலும்பு. அங்கே வலி தெரியும். எலும்புப்புரையோ எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வலிப்பதில்லை. "எனக்குத்தான் வலியே இல்லையே, எதற்கு ஸ்கேன்?" என்று பாட்டி கேட்டால் நாம் சொல்ல வேண்டிய விடை இதுவே.

அடர்த்தியை அளக்கும் 'டெக்ஸா' கருவி 1980களின் இறுதியில் பழக்கத்திற்கு வந்தது. இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை அது உடலின் வழியே செலுத்துகிறது. தசையும் எலும்பும் அவற்றை வெவ்வேறு அளவில் தடுப்பதால், தசையின் பங்கைக் கழித்து எலும்பின் தாதுப்பொருளைக் கணக்கிட முடிகிறது. வழக்கமாக இடுப்பும் கீழ் முதுகெலும்பும் அளக்கப்படும். மேசைமீது சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும். ஊசியில்லை, பட்டினியில்லை, குகைபோன்ற குழாய்க்குள் செல்வதுமில்லை. கதிர்வீச்சும் நெஞ்சு எக்ஸ்ரேயை விடக் குறைவு. எனினும் கருவுற்றவர்கள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அன்று காலை கால்சியம் மாத்திரை வேண்டாம். அண்மையில் பேரியம் குடித்துப் படம் எடுத்திருந்தால் அதையும் கூற வேண்டும். சேலை ஊக்கும் இடுப்பில் செருகிய சாவிக்கொத்தும்கூடக் கணக்கைக் கெடுக்கும்!

அறிக்கையில் 'டி' மதிப்பெண் என்று ஓர் எண் இருக்கும். நலமுள்ள இளம் பெண்களின் சராசரியைச் சுழியாகக் கொண்டு, அதிலிருந்து நாம் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை அது காட்டும். −1 வரை இயல்பு, −1க்கும் −2.5க்கும் இடையில் குறைவு, −2.5ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டு அறிக்கை வகுத்த எல்லை இது. கருவி எலும்பின் பரப்பைத்தான் காண்கிறது, கனத்தைக் காண்பதில்லை. ஆகவே சிறிய உடல்வாகு கொண்ட பெண்களுக்கு எண் சற்றுக் குறைவாகவே வரக்கூடும். மறுபுறம், முதியோரின் முதுகெலும்பில் வளரும் முட்கள் எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். −2.5ஐ எட்டாத பலருக்கும் எலும்பு முறிவதுண்டு. எனவே வயது, முன்பு முறிந்த எலும்பு, பெற்றோருக்கு நேர்ந்த இடுப்பு முறிவு, நெடுநாள் உண்ட ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

இலவச முகாம்களில் குதிகாலை ஒரு சிறு கருவியில் வைத்து, எண்ணெழுதிய சீட்டைக் கொடுப்பதுண்டு. அது ஒலியலையால் பார்ப்பது, டெக்ஸா அன்று. மேற்சொன்ன எல்லை அதற்குப் பொருந்தாது. அச்சீட்டைக் கண்டு கலங்கி மாத்திரை தொடங்குவது தவறு. நல்ல எண் வந்துவிட்டது என்று, வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட பாட்டியை அப்படியே விட்டுவிடுவது அதைவிடப் பெருந்தவறு. 65 வயதைக் கடந்த பெண்களும், சிறு இடறலில் எலும்பு முறிந்தோரும், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றோரும் டெக்ஸா பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாணவியராகிய நமக்கு, மருத்துவர் தனியே சொன்னாலன்றி, இச்சோதனை தேவையில்லை.

மீண்டும் அளக்க நேர்ந்தால் முதலில் அளந்த அதே கருவியில் அளப்பதே நன்று. கருவிக்குக் கருவி எண் சற்று வேறுபடும். இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால் பழைய அறிக்கையை மறவாமல் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.