ஒரு சார்ஜர் சட்டமும் எனது கடை அலுமாரியும்

தொழில்நுட்பச் செய்திகள் நமக்கெதற்கு என்று வியாபாரிகள் பலர் கேட்கின்றனர். நானும் அப்படிக் கேட்டவன்தான். இன்று எனது கடை அலுமாரியில் ஐந்து பெட்டி ஐபோன் சார்ஜர் வயர்கள் தேங்கிக் கிடக்கின்றன.

2012 இல் ஐபோன் 5 உடன் 'லைட்னிங்' எனும் தனக்கே உரிய இணைப்பை அப்பிள் நிறுவனம் கொண்டுவந்தது. மற்றைய நிறுவனங்கள் நாளடைவில் யூஎஸ்பி-சி இணைப்புக்கு மாறின. ஆளுக்கொரு சார்ஜர் என்பதால் வீண் செலவும் இலத்திரனியல் கழிவும் பெருகுவதாகக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் சட்டம் இயற்றியது. அதன்படி 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்பனைக்கு வரும் புதிய கையடக்கத் தொலைபேசிகளில் யூஎஸ்பி-சி கட்டாயம். புதுமைக்குத் தடை என்று எதிர்த்த அப்பிள், 2023 இலேயே ஐபோன் 15 இல் மாறிவிட்டது. அந்த மாற்றம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. நமது சந்தைக்கும் வந்துவிட்டது.

பாவனையாளருக்கு இது நல்ல சட்டம் என்பதே எனது கருத்து. தவறு என்னுடையது. சட்டம் வந்தபோதே இரண்டு வருட அவகாசம் இருந்தது. நான் பார்த்ததோ மொத்த வியாபாரி தந்த விலைக்கழிவை மட்டுமே.

பழைய ஐபோன்கள் பாவனையில் உள்ளவரை அந்த வயர்கள் மெல்ல மெல்ல விற்கும். ஆனால் அதுவரை எனது மூலதனம் முடக்கம்தான்.

மடிக்கணினிகளுக்கு இதே சட்டம் குறித்த திகதி 2026 ஏப்ரல் 28. பழைய வகை மடிக்கணினி சார்ஜர்களைப் பெட்டி பெட்டியாக வாங்குமுன், வாடிக்கையாளர் கொண்டுவரும் கணினியில் என்ன இணைப்பு இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள்.