அந்தமான் கடலுக்கு அடியில் எரிவாயு: கசியாமல் எடுத்தால்தான் லாபம்

பாராடாங் தீவுக்குப் போனவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். காட்டுக்கு நடுவே ஒரு சேற்று மேடு. அதன் உச்சியில் சாம்பல் நிறச் சேறு கூழ்ப் பானைபோல "குபுக், குபுக்" என்று குமிழி விடும். ஆனால் கொதிப்பதில்லை. பூமிக்கு அடியிலிருந்து வரும் வாயுதான் அந்தக் குமிழியை எழுப்புகிறது. சேற்று எரிமலை என்று இதற்குப் பெயர்.

அந்த வாயுவில் பெரும் பங்கு மீத்தேன். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் மீத்தேன்தான். தஞ்சை, திருவாரூர் விவசாயிகள் "மீத்தேன் திட்டம் வேண்டாம்" என்று போராடினார்களே, அதுவும் இந்த வாயுவைப் பற்றியதுதான்.

கடலுக்கு அடியில்

இதே வாயு அந்தமான் கடலுக்கு அடியிலும் கிடைத்திருப்பதாக 2025 செப்டம்பர் 26-ந் தேதி மத்திய பெட்ரோலிய மந்திரி ஹர்தீப் சிங் புரி அறிவித்தார். ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய அந்தக் கிணற்றின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்-2. போர்ட் பிளேருக்கு 2024-ல் சூட்டப்பட்ட புதிய பெயரே கிணற்றுக்கும் வைக்கப்பட்டது.

கிணறு அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 17 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே கடலின் ஆழம் 295 மீட்டர். 2,212 மீட்டர் முதல் 2,250 மீட்டர் வரையிலான ஆழத்தில் நடந்த சோதனையில் வாயு வந்தது. மாதிரியைக் கப்பலில் காக்கிநாடாவுக்குக் கொண்டு போய்ச் சோதித்தார்கள். அதில் 87 சதவீதம் மீத்தேன் என்று தெரிய வந்தது. வாயு எவ்வளவு இருக்கிறது, எடுத்தால் கட்டுப்படியாகுமா என்பதை மேலும் சோதித்த பிறகே சொல்ல முடியும் என்றும் அப்போது கூறப்பட்டது.

டீசல் செலவு

தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் தயாராகிறது. அந்த டீசல் கப்பலில் வந்தாக வேண்டும். வட அந்தமானில் கல்பாங் நீர்மின் நிலையம் உண்டு. தென் அந்தமானில் நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும் உண்டு. ஆனாலும் டீசலைக் கைவிட முடியவில்லை. டீசலுக்குப் பதில் இயற்கை வாயுவை எரித்தால் புகையும் குறைவு, கரியமில வாயுவும் குறைவு.

ஆனால் எரியாமல் கசிந்தால் கதையே வேறு. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட சுமார் 80 மடங்கு வெப்பத்தைத் தேக்கி வைக்கிறது. நூற்றுக்குச் சில பங்கு கசிந்தாலே, டீசலை விட்டதால் வந்த லாபம் கரைந்து போகும். ஒரு நல்ல செய்தி, மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் நிலைக்கும். இன்று கசிவை அடைத்தால் இந்தத் தலைமுறையே பலனைப் பார்க்கலாம்.

50 ஆண்டுக் கணக்கு

மத்திய அரசின் கணக்குப்படி, 2016-ல் இந்தியா வெளிவிட்ட மீத்தேனில் சுமார் 74 சதவீதம் கால்நடை, நெல் வயல் உள்ளிட்ட விவசாயத்தைச் சேர்ந்தது. எரிசக்தித் துறையின் பங்கு சுமார் 11 சதவீதம்.

1970-களின் தொடக்கத்தில் நாட்டில் ஆண்டுக்கு சுமார் 7 கோடி டன் நிலக்கரி வெட்டப்பட்டது. 2024-25-ல் அது 100 கோடி டன்னைத் தாண்டியது. ஆனால் மீத்தேன் கசிவு அதே வேகத்தில் கூடவில்லை. அன்று பெரும்பாலும் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். ஆழத்து நிலக்கரியில் வாயு அதிகம். இன்று 90 சதவீதத்துக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களில் கிடைக்கிறது.

எண்ணெய்க் கிணறுகளிலும் மாற்றம் வந்தது. 1974-ல் பம்பாய் ஹையில் எண்ணெய் கிடைத்தபோது, கூடவே வந்த வாயுவைக் கொண்டு போகப் போதிய குழாய் இல்லை. அதனால் பெரும் பகுதி வீணாக எரிக்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் ஹஜீராவிலிருந்து ஜகதீஷ்பூருக்கு நீண்ட குழாய் போட்ட பிறகு அந்த வாயு உர ஆலைக்கும் மின் நிலையத்துக்கும் போயிற்று. குழாயும் கணக்கும் வந்தால் வீண் குறையும் என்பதற்கு இது சாட்சி.

பாக்ஜான் பாடம்

ஆயில் இந்தியாவுக்கு ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. 2020 மே 27-ந் தேதி அசாம் மாநிலம் பாக்ஜானில் அதன் வாயுக் கிணறு கட்டுப்பாட்டை இழந்து பீறிட்டது. ஜூன் 9-ந் தேதி தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் 2 பேர் உயிர் இழந்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். நவம்பர் 15-ந் தேதிதான் தீ அணைந்தது.

பாக்ஜான் கிணறு தரையில் இருந்தது. அந்தமானில் கிணறு நடுக்கடலில். அதுவும் 2004 டிசம்பர் 26-ந் தேதி பூமி அதிர்ந்து, சுனாமி புரட்டிப் போட்ட கடல். அந்த அதிர்ச்சியில் இந்திரா முனையே பல அடி கீழே இறங்கியது. இங்கே போடும் கிணறும் குழாயும் அத்தகைய அதிர்ச்சியையும் தாங்க வேண்டும்.

மூக்கை நம்ப முடியாது

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வீட்டு காஸ் சிலிண்டர் கசிந்தால் வரும் வாடை, கசிவை அறிவதற்காகவே கலக்கப்படுவது. கிணற்றிலிருந்து வரும் மீத்தேனில் அந்த எச்சரிக்கை கிடையாது. ஆகவே வால்வு, இணைப்பு, அழுத்த எந்திரம் ஒவ்வொன்றையும் கருவி வைத்துச் சோதித்து, கசியும் இடத்தை உடனே அடைக்க வேண்டும். எண்ணெய், வாயு, நிலக்கரித் தொழில்களில் வெளியேறும் மீத்தேனில் சுமார் 70 சதவீதத்தை இன்றுள்ள தொழில் நுட்பத்தைக் கொண்டே தடுக்கலாம் என்று சர்வதேச எரிசக்தி அமைப்பு கூறியுள்ளது.

பழைய கிணறுகளில் பின்னால் போய்க் கசிவு தேடுவது சிரமம். அந்தமானில் இன்னும் குழாயே போடவில்லை. முதல் நாளிலிருந்தே கணக்கு வைக்கலாம். பாராடாங் சேற்றில் வரும் குமிழியை யாரும் அடைக்க முடியாது. மனிதன் தோண்டும் கிணற்றை அடைக்க முடியும், அடைத்தாக வேண்டும்.