டிசம்பர் 31-ல் முடியும் பெர்மிட்

கியா பார்ம் பக்கம் கோஸ், தக்காளி போடும் நம்மவர்கள் பலர், டி.ஓ.எல். பெர்மிட் இருந்தால் நிலம் நமதுதான் என்று நினைத்திருக்கிறார்கள். அது தப்பு. அந்த பெர்மிட் எப்போது எடுத்தாலும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அதை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. அப்பா கண்ணை மூடினால் பெர்மிட்டும் போச்சு, மகனுக்குத் தானாக வராது. 'முப்பது வருஷமா நாங்கதானே பயிர் போடுறோம்' என்றாலும் அரசாங்க நிலத்தில் உரிமை பிறக்காது. 2019-ல் கோலா தெர்லா விவசாயிகள் கோர்ட்டுப் படி ஏறியது நமக்குத் தெரியும்.

மத்தியஸ்தரை வைத்துப் பேசித் தீர்க்கலாமே என்பார்கள். காய்கறி வியாபாரி பாக்கி வைத்தாலும், பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீர் பைப்பைத் திருப்பிவிட்டாலும் பேசலாம். 2012-ஆம் ஆண்டு சமரசச் சட்டப்படி, இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்ட உடன்பாடு இருவரையும் கட்டுப்படுத்தும். நில அலுவலகத்தின் முடிவை எதிர்ப்பதற்கு அந்த வழி ஆகாது. வக்கீலை வைத்து ஹைகோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்; அதுவும் முடிவு தெரிந்த 3 மாதத்துக்குள்.

ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பெர்மிட் பெரியவர் பெயரில் இருந்தால், அவர் இருக்கும்போதே தானா ராத்தா நில அலுவலகத்தில் போய் விசாரியுங்கள்.