குடலுக்குள் குடல்: எக்ஸ்ரே வேண்டாத ஒரு சிகிச்சை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எட்டு மாதக் குழந்தை திடீரென்று வீறிட்டு அழுதால், பல வீடுகளில் முதல் யோசனை ஆஸ்பத்திரி அல்ல. "உரம் விழுந்திருக்கும்" என்பார் ஒரு பாட்டி. "குடலேத்தமா இருக்கும், எண்ணெய் போட்டுத் தடவிட்டு வாங்க" என்பார் இன்னொருவர். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருந்தாலும், இங்கே பேச்சும் பழக்கமும் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப்புறத்துக் கொங்குநாட்டுடையவை. பெரும்பாலான அழுகை வெறும் வயிற்று உப்புசம்தான். தானாக அடங்கிவிடும், பெயர் பாட்டிக்குப் போய்ச்சேரும். அடங்காத அழுகைதான் ஆபத்து.

சட்டைக் கையைக் கழற்றும்போது ஒரு பகுதி உள்ளே மடிந்து மாட்டிக்கொள்வதைப் போல, சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வது உண்டு. குடல் செருகல் என்பார்கள். நான்கு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள்தான் இது அதிகம். அந்த வயதில் குடல் சுவரில் இருக்கும் நிணநீர்த் திட்டுகள் ஒரு சாதாரண வைரஸ் தொற்றுக்கே வீங்கிவிடும். குடலின் அசைவு அந்த வீக்கத்தை உணவுக் கவளம் என்று எடுத்துக்கொண்டு முன்னே தள்ளுகிறது; வீக்கத்தோடு குடலும் சேர்ந்து போகிறது. குழந்தை காலை மடக்கிக்கொண்டு அலறும், பத்துப் பதினைந்து நிமிடம் சோர்ந்து கிடக்கும், மறுபடி அலறும். பிறகு வாந்தி. சளியும் ரத்தமும் கலந்து மலம் போகத் தொடங்கினால், மாட்டிய குடலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். ஒரு நாளைக்கு மேல் கடந்துவிட்டால் அந்தப் பகுதி அழுகி, வெட்டி எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

குழந்தை அறுவை சிகிச்சையின் பாடப்புத்தகங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. 1871இல் லண்டனில் ஜோனாதன் ஹட்சின்சன் ஒரு குழந்தையின் வயிற்றைத் திறந்து செருகலை விடுவித்தார். ஐந்தே ஆண்டுகளில், 1876இல், கோபன்ஹேகனின் ஹரால்டு ஹிர்ஷ்ப்ருங், கத்தியே இல்லாமல் ஆசனவாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி அதன் அழுத்தத்தால் குடலைப் பின்னுக்குத் தள்ளலாம் என்று எழுதினார். எக்ஸ்ரே வந்தபின் தண்ணீரின் இடத்தை, அதில் தெரியும் பேரியம் பிடித்தது, பிறகு காற்று. சீனாவின் ஷாங்காயிலிருந்து 1986இல் வந்த கட்டுரை ஒன்று, காற்று முறையில் கையாண்ட 6,396 பேரைப் பற்றிப் பேசியது.

இங்கேதான் கூட நிற்பவர்களின் பாடு தொடங்குகிறது. குடல் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்கத் தொடர்ந்து எக்ஸ்ரே ஓட வேண்டும். எட்டு மாதக் குழந்தை 'அசையாதே' என்றால் கேட்குமா? யாராவது பிடித்துக்கொண்டே ஆக வேண்டும்: செவிலியர், டெக்னீஷியன், சில நேரம் அம்மா. கதிர் நேராக அவர்கள்மேல் விழாவிட்டாலும், குழந்தையின் உடம்பில் பட்டுச் சிதறுவது விழும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிரின் அளவு நான்கில் ஒன்றாகும். ஆனால் பிடித்திருப்பவர் தள்ளி நிற்பது எப்படி? ஈய ஏப்ரன் மார்பையும் வயிற்றையும் காக்கும், கையையும் கண்ணையும் காக்காது. ஒரு குழந்தைக்குச் செய்யும்போது படுவது அற்ப அளவுதான். அதையே ஆண்டுக்கணக்கில் செய்பவருக்குக் கணக்கு வேறு. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30. எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர் நெஞ்சில் மாட்டியிருக்கும் சின்ன பேட்ஜ் அதை அளக்கத்தான். எக்ஸ்ரேயின் தொடக்க காலத்தில் அதுவும் கிடையாது. கதிர்வீச்சால் இறந்த 169 பேரின் பெயர்களோடு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1936இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். மருத்துவர்களும் டெக்னீஷியன்களும் செவிலியர்களும் அதில் இருக்கிறார்கள்.

விடை மறுபடி தண்ணீரிலேயே கிடைத்தது. 1980களில் கொரியாவிலும் சீனாவிலும் எக்ஸ்ரேயை ஒதுக்கிவிட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி இளஞ்சூடான உப்புநீரை ஏற்றினார்கள். வயிற்றின்மேல் கருவியை வைத்தால் செருகல் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் பாட்டில் தொங்கும். வளையம் மெல்லப் பின்வாங்கிக் காணாமல் போய், நீர் சிறுகுடலுக்குள் பாய்வதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். நேரத்தோடு வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கத்தி வேண்டியிருக்காது. குழந்தைக்கும் கதிர் இல்லை, பிடித்திருக்கும் செவிலியருக்கும் இல்லை. அவர் கர்ப்பிணியாக இருந்தாலும் அறையைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. குடல் கிழியும் வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும் உண்டு. ஆகவே அறுவை மருத்துவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தால் குடல் செருகல் வருமா என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை, பெற்றோர் கேட்காமல் விடமாட்டார்கள். அமெரிக்காவில் 1998இல் வந்த முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து, சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குக் குடல் செருகலைக் கொண்டுவந்ததால் மறு ஆண்டே விலக்கப்பட்டது. அந்த நினைவில்தான், இந்தியாவில் 2016இல் ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்தைக் கொடுக்கத் தொடங்கியபோதே, வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட 27 மருத்துவமனைகள் ஒவ்வொரு குடல் செருகலையும் பதிவு செய்தன. மருந்து கொடுத்த அடுத்த மூன்று வாரங்களையும் அதே குழந்தையின் மற்ற நாட்களையும் ஒப்பிட்டார்கள். அபாயம் கூடவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. 14ஆம் வாரத்தில் கடைசித் தவணை முடிகிறது, செருகல் அதிகம் வருவதோ அதன் பிறகு. ஆகவே இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிது. ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் முடிச்சு அவிழ்ந்தது.

கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பினால், நல்ல சிகிச்சை பாலக்காட்டிலும் கிடைக்கலாம், கோவையிலும் கிடைக்கலாம். கோவைக்குப் போகிறவர்களுக்குத் தமிழ்நாட்டு முதல்வர் காப்பீடு கிடையாது, அது தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு உரியது. அதைவிடப் பெரிய தடை நேரம். சந்தேகத்தை உறுதி செய்யும் அல்ட்ராசவுண்ட் கருவி சின்னதுதான், தள்ளுவண்டியில் வைத்துக் குழந்தையின் படுக்கைக்கே கொண்டுபோகலாம். ஆனால் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவாக வேண்டும், தகுதி பெற்றவர் மட்டுமே இயக்க வேண்டும். பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தாலுகா மருத்துவமனையில் பணியில் இருக்கும் இளம் மருத்துவர், பிறந்து எட்டு மாதமான குழந்தையின் வயிற்றைப் பார்க்க உரிய பயிற்சியையும் அனுமதியையும் பெறுவதற்கு அந்தச் சட்டத்துக்கு உள்ளேயே எளிய வழி செய்துதரலாம்.